முதல் குழந்தை சிசேரியன், அடுத்தது சுகப்பிரசவம்: 34 வாரத்தில் என்னென்ன முடிவாகியிருக்க வேண்டும்?

கொன்றை எழுதியது:

வணக்கம். களத்தில் வேலை செய்யும் கிராம சுகாதார செவிலியர்களுக்காக இந்த இழையைத் தொடங்குகிறேன். முதல் பிரசவம் சிசேரியன் ஆன தாய், "இந்தத் தடவை நார்மலுக்குப் பார்க்கலாமா?" என்று கேட்டால் அவருக்குக் கிடைப்பது இரண்டே பதில். "ஒரு தடவை வயித்த கிழிச்சா அப்புறம் கிழிக்கத்தான் வேணும்." இல்லையென்றால், "வலி வரட்டும், பார்த்துக்கலாம்." இரண்டுமே அந்தப் பெண்ணைக் கைவிடுகிற பதில்கள்.

பேச வசதியாக ஒரு கேஸ் தருகிறேன். பலருடைய விவரங்களைச் சேர்த்து உருவாக்கியது, எந்தத் தனி ஆளையும் பற்றியது இல்லை.

வயது 26, உயரம் 152 செ.மீ. இரண்டாவது கர்ப்பம், 34 வாரம். முதல் குழந்தை 2.9 கிலோ. டிஸ்சார்ஜ் சம்மரியில் இருப்பது ஒரே வரி: "எமர்ஜென்சி எல்.எஸ்.சி.எஸ்., காரணம் சி.பி.டி." அதாவது அவசர சிசேரியன், குழந்தையின் தலைக்கும் தாயின் இடுப்பெலும்புக்கும் பொருத்தம் இல்லை என்று. இரண்டு பிரசவத்துக்கும் நடுவில் 2 வருஷம் 4 மாதம் இடைவெளி வரும். ஹீமோகுளோபின் 10.2. சர்க்கரை, பி.பி. இல்லை. 20 வார ஸ்கேனில் நஞ்சு (நஞ்சுக்கொடி) மேலே, பின்பக்கச் சுவரில். குழந்தை தலை கீழே. அடுத்த வாரம் வளைகாப்பு முடிந்து தாய்வீடு போகிறார். அங்கிருந்து மாவட்டத் தலைமை மருத்துவமனை 40 கி.மீ.

34 வாரத்தில் இவருக்கு என்னென்ன முடிவாகியிருக்க வேண்டும்?

---

இரவுப்பணி எழுதியது:

மற்ற எல்லாத்துக்கும் முன்னால அந்த ஒத்தை வரியை விரிக்கணும். டிஸ்சார்ஜ் சம்மரி போதாது, ஆபரேஷன் நோட்ஸ் வேணும். தனியார் ஆஸ்பத்திரின்னா மெடிக்கல் ரெக்கார்ட்ஸ் பிரிவுல, அரசு ஆஸ்பத்திரின்னா கேஸ் ஷீட் வைக்கிற அறையில, ஐ.பி. நம்பரும் (உள்நோயாளி எண்) தேதியும் கொடுத்து நகல் கேளுங்க. ஐ.பி. நம்பர் தெரியலைன்னா குழந்தையோட பிறப்புச் சான்றிதழ்ல இருக்கிற தேதியே போதும், அன்னைக்கு ஓ.டி. (ஆபரேஷன் தியேட்டர்) ரிஜிஸ்டர்ல பேர் இருக்கும்.

நகல்ல தேட வேண்டியது: கர்ப்பப்பையில எங்க வெட்டுனாங்க, வெட்டு பக்கவாட்டுலயோ மேலயோ கிழிஞ்சு நீண்டுச்சா, எத்தனை அடுக்குத் தையல், ஓ.டி.க்குக் கூட்டிட்டுப் போகும்போது கர்ப்பப்பை வாய் எத்தனை செ.மீ. திறந்திருந்தது, வலி எத்தனை மணி நேரம், அது தானா வந்த வலியா ஊசி போட்டு வரவழைச்சதா, குழந்தை முகம் எந்தப் பக்கம் திரும்பி இருந்தது. ஆபரேஷனுக்கு அப்புறம் காய்ச்சல், சீழ் இருந்ததான்னு தாய்கிட்டயே கேக்கலாம்.

ஒண்ணு முக்கியம். வயித்துத் தோல்ல தெரியுற தழும்பைப் பார்த்து எதையும் முடிவு பண்ணாதீங்க. தோல்ல குறுக்கா இருந்தாலும் உள்ள கர்ப்பப்பையில நெடுக்கா வெட்டியிருக்கலாம். குறை மாசக் குழந்தை, குழந்தை குறுக்கா கிடந்தது, நஞ்சு முன்னால கீழ இருந்தது, இதுலயெல்லாம் அப்படி நடக்கும். தோல்ல நெடுக்கா தொப்புள் வரைக்கும் இருந்தாலும் உள்ள குறுக்கு வெட்டா இருக்கிறதும் உண்டு.

---

நாடித்துடிப்பு எழுதியது:

இரவுப்பணி சொன்னதில்தான் தகுதியே தீர்மானமாகிறது. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதியில் குறுக்கு வெட்டு ஒன்று மட்டும் இருந்தால் முயற்சி செய்யலாம். மேல்பகுதியில் நெடுக்கு வெட்டு, தலைகீழ் 'டி' வடிவ வெட்டு, ஏற்கெனவே ஒருமுறை கர்ப்பப்பை கிழிந்தது, இந்தக் கர்ப்பத்தில் நஞ்சு கர்ப்பப்பை வாயை மறைத்திருப்பது ஆகியவற்றில் முயற்சியே கூடாது. கட்டி எடுத்த ஆபரேஷனில் கர்ப்பப்பைச் சுவரை ஆழமாக வெட்டியிருந்தாலும் சிசேரியன்தான். நோட்ஸ் எங்கு தேடியும் கிடைக்கவில்லையா? முதல் சிசேரியன் நிறைமாதத்தில், தலை கீழே இருந்தபோது நடந்தது என்றால் கீழ்ப்பகுதி வெட்டாக இருப்பதற்கே வாய்ப்பு மிக அதிகம். அதற்காகக் கதவைச் சாத்த வேண்டியதில்லை. ஆனால் அந்த முடிவை மூத்த மகப்பேறு மருத்துவர் எடுக்க வேண்டும்.

இனி எண்கள். பயமுறுத்தவோ ஆசை காட்டவோ வேண்டாம், உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள்.

முயற்சி செய்பவர்கள் 100 பேரில் 72 முதல் 75 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது. முன்பே ஒரு சுகப்பிரசவம் ஆனவர்களில் 85 முதல் 90. முதல் சிசேரியனின் காரணத்தைப் பொறுத்து இது மாறும். குழந்தை கால் கீழே இருந்ததற்காக வெட்டியிருந்தால் 84, இதயத்துடிப்பு குறைந்ததற்காக என்றால் 73, பிரசவம் முன்னேறவில்லை என்பதற்காக என்றால் 64.

பழைய தையல் விட்டுக் கர்ப்பப்பை கிழிவது 1000 பேரில் சுமார் 5 பேருக்கு. மீதி 995 பேருக்கு அது நடப்பதில்லை. ஆனால் அந்த 5 பேரில் ஒருவராக இருந்தால் நிமிடங்கள்தான் கணக்கு. பிரசவத்தின்போது குழந்தை இறப்பது 10,000ல் 4, இது முதல் பிரசவத்தில் வலி வந்து பெறுபவர்களின் அளவுதான்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்ல வேண்டும். தேதி குறித்துச் செய்யும் இரண்டாவது சிசேரியனில் கர்ப்பப்பை கிழியும் ஆபத்து கிட்டத்தட்ட இல்லை. ஆனால் குழந்தைக்கு மூச்சு வாங்குவது 39 வாரத்தில் எடுத்தாலும் 100ல் 4 முதல் 5 பேருக்கு வரும், சுகப்பிரசவத்தில் 2 முதல் 3. அதற்கு அடுத்த கர்ப்பம்தான் பெரிய விஷயம். ஒரு சிசேரியன் ஆனவருக்கு நஞ்சு கீழே அமைந்தால், அது கர்ப்பப்பைச் சுவருக்குள் வேர்விட்டு ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பு 100ல் 11. இரண்டு ஆனவருக்கு 40. மூன்று ஆனவருக்கு 61. மூன்றாவது குழந்தை வேண்டும் என்று நினைக்கும் குடும்பத்துக்கு இந்த வரியை நிறுத்திச் சொல்லுங்கள்.

இருப்பதிலேயே சிரமமானது முயற்சி பாதியில் நின்று அவசரமாகச் செய்யும் சிசேரியன்தான். ரத்தம் ஏற்றுவது, கர்ப்பப்பையில் கிருமித் தொற்று எல்லாம் அதில் அதிகம். அதனால் "முயற்சி பண்ணிப் பார்ப்போம், ஆகலைன்னா வெட்டிக்கலாம்" என்று லேசாகச் சொல்வதும் தவறு.

---

ஒற்றைப்பனை எழுதியது:

"ஒரு முறை சிசேரியன் என்றால் எப்போதும் சிசேரியன்" என்ற வாக்கு 1916ல் நியூயார்க்கில் எட்வின் கிராகின் என்ற மருத்துவர் எழுதியது. அன்றைக்குக் கர்ப்பப்பையின் மேல்பகுதியில் நெடுக்காக வெட்டினார்கள். வலி வந்தால் சுருங்கி இறுகுவது அந்தத் தடித்த தசைப்பகுதிதான், தையல் தாங்காது. முதல் சிசேரியனைக் காரணமில்லாமல் செய்யாதீர்கள் என்று எச்சரிக்கத்தான் அவரே அதைச் சொன்னார். 1920களில் மன்ரோ கெர் கீழ்ப்பகுதிக் குறுக்கு வெட்டைப் பரப்பிய பிறகு நிலைமை மாறியது. வெட்டு மாறி நூறு வருஷம் ஆகப்போகிறது, நம் வீடுகளில் வாக்கு மட்டும் மாறவில்லை.

தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி 2019-21ல் தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 44.9 சிசேரியன். சிசேரியன் இத்தனை பேருக்கு ஆகும்போது, இரண்டாவது பிரசவத்தில் இந்தக் கேள்வி ஏறக்குறைய ஒவ்வொரு தெருவிலும் எழும். கொன்றை சரியான இடத்தில் கை வைத்திருக்கிறார்.

---

கொன்றை எழுதியது:

மிக்க நன்றி. அந்த கேஸில் ஆபரேஷன் நோட்ஸில் இப்படி இருந்தது என்று வைத்துக்கொள்வோம்: "40 வாரம் 5 நாள். தேதி தாண்டியதால் ஜெல் வைத்து வலி வரவழைக்கப்பட்டது. 14 மணி நேரம் கழித்து 3 செ.மீ. தலை மேலேயே நிற்கிறது. கீழ்ப்பகுதி குறுக்கு வெட்டு, நீளவில்லை, இரண்டு அடுக்குத் தையல்." இதில் சி.பி.டி. எங்கே இருக்கிறது? "உன் இடுப்பெலும்பு சின்னது" என்று வீட்டில் எல்லோரும் அந்தப் பெண்ணிடம் சொல்லிவிட்டார்கள்.

---

நாடித்துடிப்பு எழுதியது:

இது சி.பி.டி. இல்லை. வலி வரவழைத்தும் கர்ப்பப்பை வாய் இணங்கவில்லை, அவ்வளவுதான். தலைக்கும் இடுப்புக்கும் பொருத்தம் இல்லை என்று சொல்ல, நல்ல வலி இருந்து, வாய் போதுமான அளவு திறந்து, அதற்குப் பிறகும் தலை இறங்காமல் நின்றிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் 2020 பிரசவக் கவனிப்புப் படிவத்தில் பிரசவத்தின் தீவிரக் கட்டமே 5 செ.மீ.யில்தான் தொடங்குகிறது. 3 செ.மீ.யில் இருந்தவரின் இடுப்பை யாரும் சோதித்துப் பார்க்கவே இல்லை. 2.9 கிலோ குழந்தைக்கு 152 செ.மீ. உயரம் தடையும் இல்லை.

அந்தப் பெண்ணிடம் இதை நேரடியாகச் சொல்லுங்கள். அவர் உடம்பில் குறை இருக்கிறது என்று இரண்டு வருஷமாக நம்பிக்கொண்டிருப்பார்.

அதே சமயம் இன்னொன்றும் தெரிய வேண்டும். இவருக்கு இந்தத் தடவையும் வலி தானாக வந்தால்தான் நல்ல வாய்ப்பு. மறுபடி வரவழைக்க வேண்டி வந்தால் வாய்ப்பு குறையும், ஆபத்து கூடும்.

---

மஞ்சள்கிழங்கு எழுதியது:

கர்ப்பப்பையில் பழைய தையல் இருக்கும் இடத்தின் தடிமனை அளக்கும் ஸ்கேன் பற்றி யாரும் சொல்லவில்லையே? 36 வாரத்தில் எடுத்து "1.8 மி.மீ.தான் இருக்கு, நார்மல் முடியாது" என்று திருப்பி அனுப்புகிறார்கள்.

---

நாடித்துடிப்பு எழுதியது:

அந்த ஒரு எண்ணை வைத்து முடிவெடுக்கக் கூடாது. சிறுநீர்ப்பை எவ்வளவு நிறைந்திருக்கிறது, வயிற்று வழியாக அளந்ததா கீழ்வழியாக அளந்ததா, தசையை மட்டும் அளந்தார்களா சிறுநீர்ப்பைச் சுவரையும் சேர்த்தா என்பதைப் பொறுத்து ஒரே பெண்ணுக்கு இரண்டு அளவு வரும். மெலிந்த தையலுக்கு ஆபத்து அதிகம் என்பது உண்மை. ஆனால் இத்தனை மி.மீ.க்குக் கீழே என்றால் நிறுத்து என்று எல்லோரும் ஏற்ற எல்லை இல்லை. மற்ற விவரங்களோடு சேர்த்துப் பார்க்க உதவும், தனியாக நின்று தீர்ப்புச் சொல்லாது.

ஸ்கேனில் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியது நஞ்சு இருக்கும் இடம். 20 வாரத்தில் முன்பக்கம் கீழே, தழும்பின் மேல் இருப்பதாகத் தெரிந்தால் 32 வாரத்தில் மறுபடி பார்க்க வேண்டும். அப்போதும் அங்கேயே இருந்தால் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும், பேச்சே இல்லை. இந்த கேஸில் நஞ்சு பின்னால் மேலே, கவலை இல்லை.

குழந்தை எடையும் அப்படித்தான். ஸ்கேன் சொல்லும் எடையில் 100 கிராமுக்கு 10 முதல் 15 கிராம் முன்பின் இருக்கும். "3.6 கிலோ காட்டுது" என்பது 3.1 ஆகவும் இருக்கலாம்.

---

மயக்கமருந்து_அறை எழுதியது:

இடம் பற்றிப் பேசுவோம், என் கவலை அதில்தான். கர்ப்பப்பை கிழிந்து குழந்தையின் துடிப்பு விழுந்தால், விழுந்த நிமிடத்திலிருந்து சுமார் 18 நிமிடத்துக்குள் குழந்தை வெளியே வந்தால்தான் மூளை பாதிக்கப்படாமல் தப்பும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது. அவசர சிசேரியனுக்கு வழக்கமாகச் சொல்லும் 30 நிமிடம் இங்கே போதாது.

அதனால் மருத்துவமனையில் கேட்க வேண்டியது "நீங்கள் நார்மல் பார்ப்பீர்களா" என்பதை அல்ல. இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: ராத்திரி 2 மணிக்கு மயக்க மருந்து டாக்டர் வளாகத்துக்குள் இருப்பாரா, வீட்டிலிருந்து வருவாரா? ஓ.டி. செவிலியர் இரவிலும் உண்டா? ரத்த வங்கியோ ரத்தச் சேமிப்பு அறையோ உள்ளேயே இருக்கிறதா? பச்சிளங்குழந்தை டாக்டர் கூப்பிட்டால் எத்தனை நிமிடம்? குழந்தையின் துடிப்பைப் பேப்பரில் பதியும் சி.டி.ஜி. மெஷின் பிரசவ அறையிலேயே ஒருவருக்குத் தொடர்ந்து மாட்டி வைக்க முடியுமா, அல்லது 20 நிமிடம் போட்டுவிட்டு அடுத்தவருக்கு மாற்றிவிடுவார்களா?

பகல் மட்டும் மயக்க மருந்து டாக்டர் வந்துபோகும் சின்ன நர்சிங் ஹோமில் இந்த முயற்சி கூடாது. அவர்கள் மறுப்பது நேர்மையான மறுப்பு, அதற்காக அவர்கள் மீது கோபப்படாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கூடாது. நம் மாநிலத்தில் சீமாங்க் மையம் (அவசரப் பிரசவ, பச்சிளங்குழந்தை சிகிச்சை மையம்) உள்ள அரசு மருத்துவமனை, மாவட்டத் தலைமை மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி இவைதான் பொருத்தம். வீட்டில் வைத்துப் பார்ப்பது என்ற யோசனை எந்த வடிவில் வந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எபிடூரல் (வலி தெரியாமல் இருக்க முதுகில் போடும் மருந்து) பற்றிக் கேட்பார்கள். போடலாம், கிழிவது தெரியாமல் மறைத்துவிடும் என்பது பழைய பயம். முதலில் காட்டிக்கொடுப்பது பெரும்பாலும் குழந்தையின் துடிப்புதான், வலி இல்லை. ஆனால் எபிடூரல் நன்றாக வேலை செய்துகொண்டிருந்தவருக்குத் திடீரென்று வலி உடைத்துக்கொண்டு வந்து அடிக்கடி மருந்து கேட்டால், மருந்தைக் கூட்டுவதற்கு முன் வயிற்றைத் தொட்டுப் பாருங்கள்.

---

இரவுப்பணி எழுதியது:

40 கி.மீ. தூரத்துக்கு என் பதில்: 38 வாரத்துல இருந்து டவுன்ல சொந்தக்காரங்க வீட்டுல தங்கணும். முடியலைன்னா 39 வாரத்துல முன்கூட்டியே அட்மிஷன் கேளுங்க, பெரிய ஆஸ்பத்திரிகள்ல தூரத்துல இருந்து வர்றவங்களைச் சேர்த்துக்குவாங்க. பழைய சிசேரியன் இருக்கிறவங்க பாதி வலியை வீட்டுல பார்த்துட்டு வர்ற ஆளில்லை. வலி சீரா வர ஆரம்பிச்சாலோ, பனிக்குடம் உடைஞ்சாலோ, ரத்தம் பட்டாலோ, அசைவு குறைஞ்சாலோ உடனே கிளம்பணும். 108ல கூப்பிடும்போது முதல் வாக்கியமே "பழைய சிசேரியன், வலி வந்திருக்கு"ன்னு இருக்கணும். அப்பதான் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துல இறக்காம நேரா ஆபரேஷன் வசதி இருக்கிற இடத்துக்குப் போவாங்க.

இதுல நம்ம ஊர்ச் சிக்கல் ஒண்ணு இருக்கு. வளைகாப்பு முடிஞ்சு தாய்வீடு போனதும் ஆஸ்பத்திரி மாறிடுது. 36 வாரத்துல புது டாக்டர் முன்னால ஒரு ஸ்கேன் கவரோட போய் நின்னா, அவங்க யாரை நம்பி முயற்சி பண்ணுவாங்க? பாதுகாப்பா சிசேரியன் தேதிதான் கொடுப்பாங்க. அதனால வளைகாப்புக்கு முன்னாடியே, இப்பவே, தாய்வீட்டுப் பக்கத்து ஆஸ்பத்திரியில ஒரு தடவை காட்டி, ஆபரேஷன் நோட்ஸ் நகலை அங்க கேஸ் ஷீட்டுலயே சேர்த்துட்டு வரணும். பிக்மி எண்ணையும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்) அந்த ஊர் செவிலியர்கிட்ட சொல்லி வைக்கணும்.

ஹீமோகுளோபின் 10.2 பத்தாது. இன்னும் 5 வாரம் இருக்கு. இரும்புச்சத்து மாத்திரையை டீ காபியோட போடாம ஒழுங்கா போட்டும் ஏறலைன்னா அயர்ன் சுக்ரோஸ் ஊசி கேளுங்க, 37 வாரத்துல மறுபடி பாருங்க. 11க்கு மேல இருந்தா நிம்மதி.

---

ஒற்றைப்பனை எழுதியது:

வலி வரவழைப்பது பற்றி என் கருத்து தெளிவானது: பழைய தழும்பு இருந்தால் எந்த மருந்தும் வேண்டாம். தானாக வலி வரட்டும், வராவிட்டால் சிசேரியன். நம் ஊர் பிரசவ அறைகளின் கூட்டத்தை வைத்துப் பார்த்தால் இதுதான் பாதுகாப்பு.

---

நாடித்துடிப்பு எழுதியது:

பாதி ஒப்புக்கொள்கிறேன். 2004ல் அமெரிக்காவின் 19 மருத்துவமனைகளில் சுமார் 17,900 பெண்களை வைத்து வெளியான ஆய்வில், தானாக வலி வந்தவர்களில் 1000க்கு 4 பேருக்குக் கர்ப்பப்பை கிழிந்தது. வலியைக் கூட்ட ஊசி போட்டவர்களில் 9, வலியையே வரவழைத்தவர்களில் 10. ஆபத்து இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது, ஆனாலும் 100க்கு 1.

மருந்துக்கு மருந்து வித்தியாசம் இருக்கிறது. மிசோபிராஸ்டால் மாத்திரை பழைய சிசேரியன் உள்ளவருக்கு நிறைமாதத்தில் வலி வரவழைக்கக் கூடவே கூடாது. பிரசவம் முடிந்தபின் ரத்தப்போக்கை நிறுத்த அதே மாத்திரையைத் தருவது வேறு விஷயம், அது சரிதான், குழப்பிக்கொள்ள வேண்டாம். ஜெல்லும் தவிர்ப்பது நல்லது. மிஞ்சுவது ஃபோலி பலூன். 16 அல்லது 18ஆம் எண் குழாயைக் கர்ப்பப்பை வாய்க்கு மேலே செலுத்தி 30 முதல் 60 மி.லி. தண்ணீர் நிரப்பி, மெல்ல இழுத்துத் தொடையில் ஒட்டி 12 மணி நேரம் விடுவது. அது வாயை மிருதுவாக்கித் திறக்க வைக்கும், கர்ப்பப்பையை வெறிபிடித்து இறுக வைக்காது.

---

இரவுப்பணி எழுதியது:

ஒற்றைப்பனை சொல்ற பயத்துக்குக் காரணம் மருந்தைவிட சொட்டுதான். 500 மி.லி. பாட்டில்ல 5 யூனிட் ஆக்சிடோசின் (வலியைக் கூட்டற மருந்து) போட்டா 1 மி.லி.ல 10 மில்லி யூனிட். சாதாரண செட்டுல 20 சொட்டு 1 மி.லி. அப்ப நிமிஷத்துக்கு 4 சொட்டுன்னா 2 மில்லி யூனிட், அதுதான் தொடங்க வேண்டிய அளவு. நிமிஷத்துக்கு 4 சொட்டை ரோலரைத் திருகி நிறுத்தறது எவ்வளவு கஷ்டம்னு செய்யறவங்களுக்குத் தெரியும். தாய் கையை மடக்குனா நின்னுடும், நீட்டுனா 20 சொட்டு ஓடும். தழும்பு இருக்கிறவங்களுக்கு இன்ஃபியூஷன் பம்ப் இல்லாம ஆக்சிடோசின் ஏத்தக் கூடாது. அரை மணிக்கு ஒரு தடவைதான் கூட்டணும், 10 நிமிஷத்துல 4 வலிக்கு மேல போகவே கூடாது. 5 வந்தா நிறுத்திட்டு டாக்டரைக் கூப்பிடணும்.

இன்னொரு பக்கம், வீட்டுல விளக்கெண்ணெய் குடிக்கக் கொடுக்கிறாங்க. தழும்பு இருக்கிறவங்களுக்கு அது வேண்டவே வேண்டாம். யாரும் அளந்து கொடுக்கிறதில்லை, கர்ப்பப்பை எப்படி இறுகும்னும் சொல்ல முடியாது. சீரகத் தண்ணி குடிக்கட்டும், நடக்கட்டும், அதுல தப்பு இல்லை.

---

ஒற்றைப்பனை எழுதியது:

பம்ப்பும் தொடர் கண்காணிப்பும் இருந்தால் மட்டும் பலூனை ஏற்கிறேன். அவை இல்லாத இடத்தில் என் கருத்து மாறவில்லை.

---

மஞ்சள்கிழங்கு எழுதியது:

தேதி தாண்டினால்? முதல் தடவை 40 வாரம் 5 நாள் வரை வலி வரவில்லை என்பதால் இந்தத் தடவையும் அதே பயம் இருக்கும்.

---

நாடித்துடிப்பு எழுதியது:

40 வாரம் ஆனதும் அன்றைக்கே வெட்ட வேண்டியதில்லை. 38 வாரத்திலேயே உட்கார்ந்து பேசி எழுதிக்கொள்ள வேண்டும்: 40 வாரத்தில் உள்பரிசோதனை, தாய் சம்மதித்தால் வலி தானாக வர உதவ விரலால் பனிக்குடச் சவ்வைப் பிரித்துவிடுவது. வாரம் இருமுறை துடிப்பும் பனிக்குட நீரும் பார்ப்பது. 41 வாரத்தில் வாய் மிருதுவாக இருந்தால் பலூன், கெட்டியாக மூடியிருந்தால் சிசேரியன். 39 வாரத்துக்கு முன்பு தேதி குறிக்க வேண்டாம். பஞ்சாங்கம் பார்த்து நாள் குறிக்க வேண்டுமென்று குடும்பம் ஆசைப்பட்டால் 39 வாரத்துக்குப் பிறகு இருக்கும் நாளில் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு நட்சத்திரத்துக்காக 37 வாரத்தில் எடுத்து, குழந்தை மூச்சுத் திணறிப் பச்சிளங்குழந்தை வார்டில் கிடப்பதைத் தவிர்க்கலாம்.

---

இரவுப்பணி எழுதியது:

பிரசவ அறையில என்ன பார்க்கணும்னு எழுதிடறேன், செவிலியர்களுக்கு இதுதான் உயிர் விஷயம்.

வந்ததும் 18ஆம் எண் கேனுலா, முடிஞ்சா 16. ரத்தம் குரூப்பும் கிராஸ் மேட்சும் அனுப்பி 2 யூனிட் வைக்கச் சொல்லணும். ஓ.டி.க்கும் மயக்க மருந்து டாக்டருக்கும் "பழைய சிசேரியன் ஒண்ணு வலியில இருக்கு"ன்னு அப்பவே தகவல். சாப்பாடு வேண்டாம், தெளிந்த பானம் தரலாம். சீரா வலி வந்ததுல இருந்து சி.டி.ஜி. கழட்டக் கூடாது. பேப்பர் நிமிஷத்துக்கு 1 செ.மீ. ஓடுதா 3 செ.மீ. ஓடுதான்னு முதல்ல பாருங்க, வேகம் மாறியிருந்தா துடிப்பு விழறது வேற மாதிரி தெரியும்.

கிழிசல் முதல்ல காட்டறது பேப்பர்லதான். 140ல ஓடிட்டிருந்த கோடு வலி வந்தா பள்ளமாகும், வலி போனதும் ஏறும். அந்தப் பள்ளம் ஒவ்வொரு வலிக்கும் ஆழமாகி, ஏற நேரமெடுத்து, ஒரு கட்டத்துல 80க்குப் போய் ஏறாமலே நின்னுடும். ஆழமாக ஆரம்பிக்கும்போதே கூப்பிடணும், நின்னதும் கூப்பிடறது லேட்.

வலிக்கும் வலிக்கும் நடுவுல விடாத வலி, தழும்புக்கு மேல தொட்டா சுருங்கறது, தோள்பட்டை வலி, ரத்தம், நாடி 120க்கு மேல ஏறிட்டே போறது, யூரின் பையில ரோஸ் நிறம், நல்லா வந்துட்டிருந்த வலி திடீர்னு நின்னு தாய் "இப்ப பரவாயில்லை"ன்னு சொல்றது. இந்தக் கடைசிதான் ரொம்ப ஏமாத்தும். உள்பரிசோதனையில கைக்கு எட்டுன தலை மேல போயிட்டா சந்தேகமே இல்லை, ஓ.டி.தான். எல்லா அறிகுறியும் சேர்ந்து வரும்னு காத்திருக்காதீங்க, ஒண்ணு போதும்.

5 செ.மீ. தாண்டி நல்ல வலியோட 4 மணி நேரம் வாய் நகரலைன்னா அதையும் சாதாரணமா எடுத்துக்காதீங்க. தழும்பு இருக்கிற கர்ப்பப்பையில "இன்னும் கொஞ்சம் ஊசியைக் கூட்டிப் பார்ப்போம்"ங்கிற முடிவை இரவு டியூட்டி ஜூனியர் எடுக்கக் கூடாது, மூத்த டாக்டர் வந்து பார்த்து எடுக்கணும்.

---

நெல்லிக்கனி எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். இரண்டு சிசேரியன் ஆனவர்களுக்கு வழியே இல்லையா?

---

நாடித்துடிப்பு எழுதியது:

வழி இருக்கிறது, ஆனால் குறுகலானது. முயற்சித்தவர்களில் 100க்கு 71 பேருக்குச் சுகப்பிரசவம் ஆகியிருக்கிறது, கிழிவது 1000க்கு 13, 14 என்று கூடுகிறது. இரண்டும் கீழ்ப்பகுதி வெட்டாக இருந்து, வலி தானாக வந்து, மருத்துவக் கல்லூரி போன்ற இடத்தில் மூத்த மருத்துவர் நேரடியாகப் பார்த்தால் மட்டும் பேசலாம். கிராமத்திலிருந்து இதைச் சிபாரிசு செய்யாதீர்கள், அனுப்பி அங்கே பேசச் சொல்லுங்கள்.

இடைவெளியையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். பிரசவத்துக்கும் பிரசவத்துக்கும் 18 மாதத்துக்குக் குறைவாக இருந்தால் தையல் விடும் ஆபத்து கூடுகிறது. கொன்றையின் கேஸில் 28 மாதம், அது நல்லது.

---

கொன்றை எழுதியது:

குடும்பத்தினர் கேட்கும் ஒரு கேள்வி யாரும் தொடவில்லை. "ரெண்டாவது சிசேரியன் பண்ணா கு.க.வும் (குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்) அதிலேயே முடிஞ்சிடும், நார்மல் ஆனா தனியா ஒரு ஆபரேஷனா?" பல மாமியார்கள் சிசேரியனுக்கு ஒப்புக்கொள்வது இந்தக் காரணத்தால்தான்.

---

மயக்கமருந்து_அறை எழுதியது:

கு.க.வுக்காக ஒரு சிசேரியன் செய்வது, சின்ன ஆபரேஷனுக்காகப் பெரிய ஆபரேஷன் செய்வது. சுகப்பிரசவம் ஆனபின் 7 நாளுக்குள் தொப்புளுக்குக் கீழே சின்ன வெட்டு வைத்துச் செய்துவிடலாம். அப்போது கர்ப்பப்பை மேலே இருப்பதால் குழாய் எளிதில் கைக்கு வரும். அதில் கர்ப்பப்பையை வெட்டுவதில்லை. இல்லையென்றால் 6 வாரம் கழித்துச் செய்யலாம். உடனே முடிவெடுக்க வேண்டாம் என்றால் பிரசவமாகி 48 மணி நேரத்துக்குள் காப்பர் டி வைக்கலாம். கணவருக்குச் செய்யும் தழும்பில்லாத கருத்தடைதான் எல்லாவற்றிலும் சின்னது, அதையும் அதே மூச்சில் சொல்லுங்கள். குழந்தை வெளியே வந்து அழுது, நலமாக இருப்பதைப் பார்த்தபின் முடிவெடுக்கும் வசதியும் இதில் கிடைக்கிறது.

---

கொன்றை எழுதியது:

எல்லோரும் சொன்னதை வைத்து, தாய் சேய் நல அட்டையின் முதல் பக்கத்தில் ஒட்டுவதற்கு ஒரு சீட்டு எழுதியிருக்கிறேன். திருத்தம் சொல்லுங்கள்.

"முந்தைய சிசேரியன் 1. கீழ்ப்பகுதி குறுக்கு வெட்டு, நீளவில்லை, 2 அடுக்குத் தையல். ஆபரேஷன் நோட்ஸ் நகல் உள்ளே. காரணம்: ஜெல் வைத்து 14 மணி நேரத்தில் 3 செ.மீ. இடைவெளி 28 மாதம். நஞ்சு பின்பக்கம் மேலே. தாயின் விருப்பம்: தானாக வலி வந்தால் சுகப்பிரசவ முயற்சி, 41 வாரம் வரை காத்திருப்பு. மிசோபிராஸ்டால், ஜெல் வேண்டாம். 38 வாரத்திலிருந்து டவுனில் தங்குகிறார். சேர வேண்டிய இடம்: மாவட்டத் தலைமை மருத்துவமனை. 37 வார ஹீமோகுளோபின்: ____"

---

இரவுப்பணி எழுதியது:

நல்லா இருக்கு. ரெண்டு திருத்தம். ரத்த குரூப்பை எல்லாத்துக்கும் மேல, பெருசா, சிவப்பு மையில போடுங்க. "தாயின் விருப்பம்"ங்கிறதுக்குக் கீழ "எந்த நேரத்திலும் மாற்றிக்கொள்ளலாம்"னு ஒரு வரி சேர்த்து, அவங்களையே கையெழுத்துப் போடச் சொல்லுங்க. 8 செ.மீ.ல "எனக்கு முடியல, ஆபரேஷன் பண்ணிடுங்க"ன்னு கேக்கிறவங்ககிட்ட "நீதானே எழுதிக் கொடுத்த"ன்னு யாரும் அந்தச் சீட்டைக் காட்டிடக் கூடாது.